மதுக்கரை வட்டார மரங்களும் அவற்றைப் படம் பிடிப்போரும்

மதுக்கரை வட்டாரத்தில் மரங்களைப் பருவந்தோறும் படம் பிடிக்க மூன்று பொருள்கள் வேண்டும்: ஒரு கேமரா, ஒரு ஸ்டாண்டு, "என்ன பண்றீங்க?" என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு பதில். முதல் இரண்டும் கோயம்புத்தூர்க் கடைகளில் தவணைக்குக் கிடைக்கின்றன. மூன்றாவது இன்னும் விற்பனைக்கு வரவில்லை.

ஊர், கோயம்புத்தூருக்குத் தென்மேற்கே பாலக்காடு போகும் வழியில் இருக்கிறது. வடக்கிலிருந்து தெற்காக இறங்கிவரும் மேற்குத் தொடர்ச்சி மலை இந்தப் பக்கம் வந்ததும் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழி விட்டிருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் எனப்படும் அந்த வழியாக ரயில் வருகிறது, லாரி வருகிறது, காற்று வருகிறது. தென்மேற்குப் பருவமழை மட்டும் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே தங்கிவிடும். பாலக்காட்டில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் மழை, கோயம்புத்தூரில் 600, 700 என்று சுருங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையில் இருக்கும் மதுக்கரை, மேகத்தை எல்லோரையும் போலப் பார்க்கும். நனைவது சில நாள்தான்.

மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். அதை நம்பி 1934 இல் சிமெண்ட் ஆலை வந்தது. ஊரை ஒட்டித் தர்மலிங்கேசுவரர் மலை. அதற்கு அப்பால் போளுவாம்பட்டி மலைகள். இந்த மண்ணிலும் இந்த மழையிலும் பிழைக்கத் தெரிந்த மரங்களே இங்கு உண்டு: வெள்வேல், உசில், வேம்பு, புளி, புங்கை, வாகை, பனை, ஆல், அரசு. அடிவாரக் காட்டில் இலவும் கொன்றையும் சேர்ந்துகொள்ளும். தோட்டத்து வேலியில் கிளுவை. ஒன்றுகூடக் காலண்டரில் இடம்பெறும் அழகு படைத்ததல்ல என்று படக்காரர் முதல் ஆண்டில் நினைப்பார். அதற்குக் காரணம் காலண்டர்கள்தான்.

கொங்கு நாட்டு வீடுகளில் மளிகைக் கடையும் நகைக் கடையும் கொடுத்த காலண்டர்களில் முருகனுக்கும் லட்சுமிக்கும் அடுத்தபடியாகத் தொங்கிய படம், ஏதோ குளிர்நாட்டு ஏரிக்கரையில் சிவந்தும் மஞ்சளித்தும் நிற்கும் மேப்பிள் மரங்கள். மரப் படம் என்றால் அதுதான் என்று ஒரு தலைமுறைக்கே பதிந்துவிட்டது. கேமராவோடு வரும் கையேடும் அதையே சொல்கிறது: வசந்தத்தில் பூ, கோடையில் பசுமை, இலையுதிர் காலத்தில் நிறம், குளிர்காலத்தில் பனி போர்த்திய கிளை. மதுக்கரையில் பனி போர்த்திய கிளைக்காகக் காத்திருப்பவர் நீண்ட ஆயுள் உள்ளவராக இருக்க வேண்டும்.

தமிழ்க் கணக்குப்படி பருவம் ஆறு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று பள்ளியில் ஒப்பித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். மரங்கள் இந்தப் பட்டியலையும் முழுதாக மதிப்பதில்லை. குளிர்நாட்டு மரம் வரப்போகும் உறைபனிக்குப் பயந்து இலையை உதிர்க்கிறது. இங்குள்ள மரம் வரப்போகும் வறட்சிக்குப் பயந்து உதிர்க்கிறது. அங்கே அக்டோபரில் நடப்பது இங்கே தை, மாசியில் நடக்கிறது. நிறத்திலும் கணக்கு தலைகீழ். அங்கே இலையின் பச்சையம் சிதையும்போது, அதுவரை அடியில் ஒளிந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சில மரங்களில் அந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி புதிதாகச் சுரக்கிறது. இங்கே அதே அந்தோசயனின், பங்குனி வெயிலில் பிறக்கும் தளிருக்குக் குடை பிடிக்கிறது. அரசந்தளிரும் மாந்தளிரும் செம்பு நிறத்தில் மினுங்குவது அதனால்தான். குளிர்நாட்டில் இலை சாகும்போது சிவக்கும், இங்கே பிறக்கும்போது சிவக்கும். சிவப்பைத் தேடி ஐப்பசியில் லீவு போட்டவர்களுக்கு இந்த ஒரு வரியை முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்கலாம்.

விதிவிலக்காக ஒரே ஒரு மரம் காலண்டர்க்காரர்களுக்கு விசுவாசமாக இருக்கிறது. வீட்டு முற்றங்களிலும் பள்ளி மைதானங்களிலும் தட்டுத் தட்டாகக் கிளை விரித்து நிற்கும் வாதுமை மரம், உதிரும் முன் இலையை உண்மையாகவே இரத்தச் சிவப்பாக்கிக் காட்டும். அதுவும் ஆண்டுக்கு இருமுறை. ஆனால் அதன் பின்னணியில் ஏரி இருக்காது. பெரும்பாலும் சைக்கிள் ஸ்டாண்டு இருக்கும்.

ஆண்டின் வேலை தை மாதம் தொடங்குகிறது. வாகை இலையை உதிர்த்துவிட்டு, காய்ந்த நெற்றுகளை மட்டும் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும். காற்று அடித்தால் மரம் முழுவதும் சலசலக்கும். இந்தச் சத்தம் படத்தில் வராது என்பது படக்காரருக்குத் தெரியும். ஆனாலும் வரும் என்று நம்பி எடுப்பார். எலும்பும் கிளையுமாக நிற்கும் மரத்தின் வடிவத்தைப் பார்க்க ஏற்ற காலம் இது. எந்தக் கிளையை எந்த ஆண்டு ஆட்டுக்காக ஒடித்தார்கள், எங்கே இடி விழுந்தது, எங்கே யாரோ ஊஞ்சல் கட்டித் தழும்பு விழுந்தது என்பதெல்லாம் இப்போதுதான் தெரியும். வானத்தைப் பின்னால் வைத்துக் கறுப்பு வடிவமாக எடுத்தால் பாதி வேலையை மரமே செய்துவிடும்.

மாசியில் அடிவாரத்து இலவ மரம் ஓர் இலைகூட இல்லாமல் பூக்கும். உள்ளங்கை அளவுச் சிவப்புப் பூக்கள், சதைப்பற்றான இதழ்கள். தேன் குடிக்க மைனா, காகம், தேன்சிட்டு, அணில் என்று ஒரு சந்தையே கூடும். மரப் படக்காரர்கள் பறவைப் படக்காரர்களாக மாறிப்போவது இந்த மாதத்தில்தான். மைனாவை நெருக்கமாகக் காட்டும் லென்ஸின் விலையைக் கேட்கப் போவார்கள். கேட்டுவிட்டு வந்து, மரம்தான் உயர்ந்த கலை என்று மறுபடி பேசத் தொடங்குவார்கள்.

புங்கை செய்வது அநியாயம். மாசி கடைசியிலோ பங்குனியிலோ பழைய இலையை மொத்தமாகக் கொட்டும். இரண்டு மூன்று வாரத்துக்குள் மரம் முழுவதும் எண்ணெய் பூசிய இளம்பச்சையில் மின்னும். காலை வெயிலை எதிரே வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு இலையும் உள்ளிருந்து விளக்கேற்றியதாகத் தெரியும். அந்தப் பச்சை ஒரு வாரம், பத்து நாள் நிற்கும். பிறகு இலை தடித்துச் சாதாரணப் பச்சைக்கு இறங்கிவிடும். இந்தப் பத்து நாளும் மில்களிலும் அலுவலகங்களிலும் மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நாள்களோடு சரியாக மோதுகின்றன. புங்கந்தளிரைப் படமெடுக்க லீவு கேட்டுக் கிடைத்ததாகக் கோவை மாவட்டத்தில் தகவல் இல்லை.

வேம்பு பங்குனி, சித்திரையில் பூக்கும். பூ மிகச் சிறியது. தூரத்திலிருந்து எடுத்தால் மரத்தில் தூசி படிந்ததாகவே தெரியும். இதற்குத் தீர்வு மேலே இல்லை, கீழே இருக்கிறது. காலையில் மரத்தடியில் பழைய சேலையை விரித்து வைத்து, உதிர்ந்த பூவை அம்மாக்கள் சேகரிப்பார்கள். வருஷப் பிறப்புப் பச்சடிக்கும், ஆண்டு முழுவதும் வைக்கும் ரசத்துக்கும். நீலச் சேலையில் கொட்டிக் கிடக்கும் வெளிர் மஞ்சள் பூவும், ஓரத்தில் பறக்காமல் இருக்க வைத்த நான்கு கற்களும் சேர்ந்த படம், வேப்ப மரத்தை மரத்தைவிட நன்றாகக் காட்டும். சேலைக்காரரிடம் கேட்டுவிட்டு எடுப்பது நல்லது.

சித்திரை தொடங்கினால் வெளிச்சம் எதிரியாகும். மதுக்கரை ஏறத்தாழ 11 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் 18 வாக்கிலும் ஆகஸ்ட் 24 வாக்கிலும் உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். அன்று நண்பகலில் பனைமரத்தின் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். மரத்துக்கே நிழல் தேட வேண்டிய நேரத்தில் படம் எடுத்தால் மேலே வெளுப்பு, கீழே கறுப்பு, நடுவில் ஒன்றும் இருக்காது. சூரியன் சரிவாக இறங்கும் வடநாடுகளில் பொன்னொளி நேரம் மணிக்கணக்கில் நீளும். இங்கே அது செங்குத்தாக விழுந்து மறையும். மேற்கே மலை வேறு. பஞ்சாங்கம் சொல்லும் அஸ்தமனத்துக்கு முன்பே மலை சூரியனை வாங்கி வைத்துக்கொள்ளும். டீ குடித்துவிட்டு வரலாம் என்று போனவர் இருட்டில் திரும்பி வருவார்.

கொன்றை இந்த வெயிலைப் பொருட்படுத்தாமல் சரம் சரமாகப் பூக்கும். கேரளத்தில் விஷுக்கனிக்கு அது வேண்டும். இப்போதெல்லாம் விஷுவுக்கு முன்பே பூத்து ஓய்ந்துவிடுகிறது என்று பாலக்காட்டுப் பக்கம் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். இந்தக் குறையை வெறும் பேச்சாக விடாமல் எழுதி வைப்பதற்கு 2010 இல் சீசன்வாட்ச் என்ற திட்டம் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளும் பொதுமக்களும் தங்களுக்கென்று ஒரு மரத்தை வைத்துக்கொண்டு, தளிர், பூ, காய் எப்போது வருகிறது என்று வாரந்தோறும் பதிவு செய்கிறார்கள். கேரளத்துப் பள்ளிகள் இதில் முன்னணியில் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பொறுமையில் கால்பங்கு படக்காரர்களுக்கு இருந்தால் நல்ல மரப் படங்கள் நிறைய வந்திருக்கும்.

மே மாதம் சாலையோரத்தில் செந்நெருப்பாக நிற்கும் மேஃப்ளவர் மரம் மடகாஸ்கரிலிருந்து வந்தது. படத்துக்கு அது மிக எளிது. எந்தப் போனில் எடுத்தாலும் விருப்பக்குறி குவியும். அயல்மரங்களை ஊரெங்கும் நடுவதில் மா. கிருஷ்ணனுக்கு உடன்பாடில்லை. 1912 முதல் 1996 வரை வாழ்ந்த அவர், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், இந்தியக் காட்டுயிர்ப் படக்கலையின் முன்னோடிகளில் ஒருவர், 1960 இல் பத்மஸ்ரீ பெற்றவர். வண்ணப்படத்தின் காலம் வந்த பிறகும் கறுப்பு வெள்ளையை விடவில்லை. பல கேமராக்களின் உறுப்புகளை ஒட்டுப்போட்டுத் தாமே உருவாக்கிக்கொண்ட கருவிக்கு 'சூப்பர் பான்டரோசா' என்று பட்டப்பெயர் சூட்டியிருந்தார். அதை வைத்துத்தான் முதுமலை யானைகளை அவ்வளவு துல்லியமாக எடுத்தார். இன்றைக்கு மாதந்தோறும் புது மாடல் கேமரா வருவதைப் பார்த்து ஏங்குகிறவர்கள், அவருடைய படங்களைப் பார்த்தால் கொஞ்ச நாளைக்குப் பணம் மிச்சமாகும். கறுப்பு வெள்ளையில் மேஃப்ளவர் மரம் ஒன்றுமில்லாமல் போகும். வெள்வேலின் வெளிறிய பட்டையும் முறுக்கிய தண்டும் நின்று பேசும்.

இங்கே வெள்வேலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொங்கு நாட்டு மேய்ச்சல் நிலமான கொறங்காட்டின் அடையாள மரம் அது. சுற்றிலும் கிளுவை வேலி, தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல், அடியில் மாடு. காங்கேயம் பக்கம் இந்த ஏற்பாடு இன்னும் உயிரோடு இருக்கிறது. மதுக்கரைப் பக்கம் மனைப்பிரிவுகள் போக மீதியில் தெரியும். மரம் கோடையில் காய் உதிர்க்கும், ஆடு மாடு தின்னும். காய் போதாதபோது தொரட்டியை மாட்டித் தழையை இழுத்து ஒடிப்பார்கள். உசில் மரத்துக்கு இன்னொரு தொல்லை: அதன் இலையைக் காயவைத்து இடித்தால் தலைக்குத் தேய்க்கும் அரப்புப் பொடி. ஒரே மரத்தை ஒரே இடத்திலிருந்து மாதம் ஒரு படமாக எடுத்துப் பருவச் சுழற்சியைக் காட்டும் முறை உலகெங்கும் உண்டு. அதை இங்கே செய்தால் வைகாசிப் படத்தில் மரம் திடீரென்று மொட்டையாக நிற்கும். இதைக் கோடை வறட்சியின் விளைவு என்று படத்துக்கு அடியில் எழுதுவதற்கு முன், மந்தைக்காரரைக் கேட்டுக்கொள்வது முறை. ஆடும் ஒரு பருவம்தான்.

வருடத் தொடர் எடுக்க விரும்புபவர் கேமரா வைக்கும் இடத்தை அடையாளம் செய்துகொள்ள வேண்டும். கல் வைத்து அடையாளம் செய்தால் கல் வேறு யாருக்காவது தேவைப்படும். மைல் கல்லை நம்பலாம் என்றால் சாலைக்காரர்கள் அதை நகர்த்துவார்கள். கோயில் படி, ரயில்வே பாலத்தின் மூலை, கிணற்றுச் சுவர் போன்றவை நம்பகமானவை. உயரம், லென்ஸ், நேரம் மூன்றையும் நோட்டில் குறித்து வைக்க வேண்டும். நோட்டில் குறிப்பதைப் பார்த்தால் அக்கம்பக்கத்தார் சந்தேகம் உறுதிப்படும். அந்தச் சந்தேகம் என்னவென்று இனிப் பார்க்கலாம்.

மூன்று காலில் நிற்கும் எந்தக் கருவியும் கொங்கு நாட்டில் நிலம் அளக்க வந்த கருவிதான். நான்குவழிச் சாலை, உயர்மின் கோபுரம், குழாய்ப் பாதை என்று பல ஆண்டாக ஏதாவது ஒன்று தோட்டத்துக்குள் வந்துகொண்டே இருப்பதால் இந்த எண்ணத்தில் தவறு காண முடியாது. ஸ்டாண்டை விரித்துக் கண்ணை வைத்த சில நிமிடத்தில் வரப்போரமாக ஒரு பெரியவர் தோன்றுவார். தோளில் துண்டு, கையில் தொரட்டி. உரையாடல் ஏறக்குறைய இப்படி அமையும்.

"ஏனுங் தம்பி, ரோடு வருதுங்களா?"

"இல்லீங்கய்யா, மரத்தப் போட்டோ புடிக்கறனுங்."

"மரத்தையா? எந்த மரத்தைங்?"

"இந்த வேலாமரத்தத்தானுங்."

பெரியவர் மரத்தைப் பார்ப்பார். அதில் தாம் இத்தனை வருஷமாகக் கவனிக்காமல் விட்டது எதுவும் இருக்கிறதா என்று மேலும் கீழும் பார்ப்பார். "இது நானு பொறந்ததுலருந்து இங்கயேதான் நிக்குது. இதுல என்னங் இருக்குது? ஊட்டுக்கு வாங், நல்ல மயிலைக் காளை ஒண்ணு நிக்குது, அதப் புடிங்."

காளையைப் படம் பிடித்துக் கொடுத்துவிட்டு, மோர் குடித்துவிட்டுத் திரும்பும்போது வெளிச்சம் போயிருக்கும். ஆனால் அடுத்த மாதத்திலிருந்து அந்தத் தோட்டத்தில் கேள்வி இருக்காது. மாறாக, "போன வாரமே பூத்துருச்சுங், நீங்க வரவே இல்ல" என்று தகவல் வரும். மரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டவரே இதைச் சொல்வார். எந்த வானிலை நிலையமும் தராத தகவல் அது.

ஆனி, ஆடியில் கணவாய் வழியாகக் காற்று புறப்படும். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் இதை நம்பித்தான் முதல் போட்டிருக்கின்றன. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது ஸ்டாண்டு எம்மாத்திரம். நடுத்தண்டில் பையைக் கட்டி எடை ஏற்றச் சொல்வது வழக்கம். தோட்டத்தில் கிடைக்கும் எடை தேங்காய். இரண்டு தேங்காய் தொங்கும் கேமராவைப் பார்த்து, திருஷ்டிக்குக் கட்டியதாக நினைத்து வழிப்போக்கர்கள் கேள்வி கேட்காமல் போய்விடுவது கூடுதல் லாபம். கருவி அசையாமல் நின்றாலும் மரம் நிற்காது. 1/500 நொடியில் எடுத்தால் இலை உறையும். காற்று அடித்ததே தெரியாமல் படம் செத்துவிடும். கால் நொடி, அரை நொடி என்று திறந்து வைத்தால் அடிமரம் கூர்மையாகவும் கொப்பெல்லாம் புகையாகவும் பதியும். தென்னந்தோப்பு முழுவதும் மட்டைகளைக் கிழக்கே வாரி விட்டுக்கொண்டு நிற்கும் காட்சிக்கு இந்த முறை பொருந்தும். இது திட்டமிட்டுச் செய்த கலை என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் மறுக்க முடியாது.

ஆவணி, புரட்டாசி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெயில் உண்டு, மேகம் உண்டு, புழுதி உண்டு. லென்ஸைத் துடைக்கலாம்.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் இந்த வட்டாரம் ஆள் மாறிவிடும். ஆண்டு மழையில் பெரும்பங்கு இந்த மழைதான். கல்லும் முள்ளுமாகக் காய்ந்து கிடந்த கிளுவை வேலி சில நாளில் துளிர்த்துப் பச்சைச் சுவராகும். சுண்ணாம்புப் புழுதி கழுவப்பட்டு ஒவ்வொரு மரமும் தன் உண்மையான நிறத்துக்கு வரும். நனைந்த புளியம்பட்டை கறுப்பாகவும், அதில் படிந்த பாசி பளிச்சென்றும் தெரியும். மரத்தைப் படமெடுக்கச் சிறந்த வெளிச்சம் மேகமூட்ட வெளிச்சம். நிழலும் வெயிலும் சண்டை போடாது, இலையின் பச்சை முழுதாகப் பதியும். வானத்தை மட்டும் சட்டத்துக்குள் விடக் கூடாது. ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை வரும். சிலிக்கா ஜெல் வாங்க மறந்தவர்கள் கேமராவை அரிசி மூட்டைக்குள் புதைத்து வைப்பதுண்டு. மறுநாள் சமையலறையில் அதுகுறித்து விசாரணை நடக்கும்.

பெரிய ஆலமரத்தை எடுக்கவும் இந்த மாதங்களே ஏற்றவை. ஆனால் ஆலமரத்தை ஒரே படத்தில் அடக்குவது கல்யாண வீட்டில் குரூப் போட்டோ எடுப்பதைப் போன்றது: பின்னால் போகப் போக ஓரத்து விழுது ஒவ்வொன்றாக உள்ளே வரும், சாலையோரக் கிடங்குக்குள் படக்காரர் விழும்போது எல்லோரும் அடங்கியிருப்பார்கள். பத்தடி அருகில் போய் இரண்டு விழுதையும் அவற்றுக்கு இடையில் வைத்திருக்கும் சூலத்தையும் எடுப்பது மேல்.

மார்கழியில் காலை மூட்டம். இந்த வட்டாரத்து மரப் படங்களில் சிறந்தவை மார்கழிப் படங்கள் என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. பின்னாலுள்ள கட்டடம், விளம்பரப் பலகை, செல்போன் கோபுரம் எல்லாவற்றையும் மூட்டம் அழித்துவிட்டு ஒரே ஒரு பனையை முன்னே நிறுத்தும். மின்கம்பியை மறைக்கக்கூடிய ஒரே மாதமும் இதுதான். மற்ற பதினொரு மாதமும் எந்தக் கோணத்தில் நின்றாலும் குறைந்தது மூன்று கம்பி மரத்தைக் கடக்கும். போனில் ஒரு விரல் தடவலில் கம்பியை அழிக்கும் வசதி வந்திருக்கிறது. அதைச் செய்தால் இன்னொரு சிக்கல்: கம்பிக்கு இடம் விட ஈ.பி. ஊழியர்கள் மரத்தின் நடுவை வெட்டி இரண்டாகப் பிளந்து விட்டிருப்பார்கள். கம்பி இல்லாத படத்தில் அந்தப் பிளவு எதற்கென்று விளங்காது. கம்பியோடு எடுப்பதே நேர்மையான படம்.

கையேடுகள் பொன்னொளி நேரம் என்று கொண்டாடும் விடியலும் அந்தியும் மலையடிவாரத்தில் யானை நேரம். மதுக்கரை, வனச்சரகத்தின் தலைமையிடம். யானைகள் கேரளத்துக்கும் இங்குமாகப் போய்வரும் வழி இதன் அருகில் இருக்கிறது. எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் இடையே இந்த வழியை ரயில் பாதை வெட்டிச் செல்கிறது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே ரயிலில் மூன்று யானைகள் அடிபட்டு இறந்தன. அதன் பிறகு 2024 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பு தொடங்கப்பட்டது: சுமார் 7 கிலோமீட்டர் தூரத்துக்கு 12 கோபுரங்கள், சாதாரணக் கேமராவும் வெப்பத்தை உணரும் கேமராவும், செலவு ரூ. 7.24 கோடி. யானை பாதையை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகும். அங்கிருந்து ரயில் ஓட்டுநருக்குப் போகும். மதுக்கரையில் மிகச் சிறந்த கருவிகளோடு, இரவு பகல் பாராமல், எல்லாப் பருவத்திலும் படமெடுப்பது இந்தக் கோபுரங்கள்தான். மரங்கள் அவற்றின் முன்னாலேயே நிற்கின்றன. மரத்தைக் கண்டு மணி அடிக்கும்படி அவற்றைப் பழக்கவில்லை. படக்காரர்கள் தண்டவாளத்தில் ஸ்டாண்டு வைப்பது குற்றம், காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும் குற்றம். "ஆனை எறங்கீருக்குதுங்" என்று டீக்கடையில் யாராவது சொன்னால் அன்று புங்கை போதும். ஊரில் உள்ள ராணுவ முகாமின் வேலிக்கு அப்பால் தெரியும் மரங்கள் எப்போதும் மற்றவற்றைவிட அழகாகத்தான் தெரியும். அவற்றையும் விட்டுவிட வேண்டும்.

எந்த மரம் எப்போது பூக்கும் என்று அறிய இணையத்தில் தேடுகிறவர்கள், மாவட்டத் தலைநகரிலேயே அதற்குரிய பெரிய ஆவணம் இருப்பதைக் கவனிப்பதில்லை. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல அலுவலகம் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. அங்குள்ள உலர்தாவரத் தொகுப்பில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள். ஒவ்வொரு தாளிலும் ஒரு கிளை, சில இலை, பூ இருந்தால் பூ, அடியில் இடமும் தேதியும். நூறாண்டுக்கு முன் ஒரு மாசி மாதம் இந்த மலையில் எது பூத்திருந்தது என்பதைத் தாளைப் பார்த்துச் சொல்லலாம். சி. இ. சி. ஃபிஷர் 1921 இல் ஆனைமலைத் தாவரங்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இப்படிப்பட்ட தாள்களில் எழுந்ததுதான். வனத்துறை வளாகத்தில் 1902 இல் தொடங்கிய கேஸ் அருங்காட்சியகத்தில் மரங்கள் பலகைத் துண்டுகளாக வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. காற்று, கம்பி, ஆடு, யானை எதுவும் இல்லாமல் மரம் பார்க்க விரும்புபவருக்கு அது உகந்த இடம்.

ஒரு மரம் படத்தால் புகழ் பெறுவது மரத்துக்கு நல்லதல்ல என்பதற்கும் சான்றுகள் உண்டு. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் பியெய் என்ற ஊரில் ஒரு வயலோரம் சாய்ந்து நின்ற நெட்டிலிங்கம் போன்ற பாப்லர் மரத்துக்குத் 'தத்துவ மரம்' என்று பெயரிட்டார்கள். படமெடுக்க வந்த கூட்டம் பயிரை மிதித்துக்கொண்டே இருந்தது. மரமும் முதுமையில் நலிந்திருந்தது. 2016 பிப்ரவரியில் வயல்காரர் அதை வெட்டிவிட்டார். இங்கிலாந்தில் பழைய ரோமானியச் சுவரின் பள்ளத்தில் தனியாக நின்று, லட்சக்கணக்கான படங்களில் இடம்பெற்ற சிக்கமோர் மரத்தை 2023 செப்டம்பரில் ஓர் இரவில் அறுத்துப் போட்டார்கள். மதுக்கரை மரங்களுக்கு இந்த அபாயம் இல்லை. அவற்றைப் படத்தில் பார்த்துவிட்டு யாரும் தேடி வருவதில்லை. அவற்றைத் தேடி வருவது சாலைதான்.

கோயம்புத்தூரில் மேட்டுப்பாளையம் சாலையின் இருபுறமும் குடை பிடித்து நின்ற மரங்கள் சாலை அகலமானபோது போய்விட்டன. அவற்றின் அடியில் பல ஆண்டு போய்வந்தவர்கள் வீட்டில் தேடினால், மரத்தின் படம் ஒன்றும் கிடைக்காது. மரத்தடியில் நிறுத்திய ஸ்கூட்டரின் படம் கிடைக்கும், மேல் ஓரத்தில் கொஞ்சம் இலையோடு. சாலையோரப் புளியமரத்தில் பட்டையைச் செதுக்கி எண் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அது புளி ஏலத்துக்கான எண்ணாகவும் இருக்கலாம், வெட்டுவதற்கான கணக்காகவும் இருக்கலாம்; மரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. காட்டு மரத்துக்கு அனுமதி வேண்டும், தோட்டத்து மரத்துக்குப் பெரியவரிடம் கேட்க வேண்டும், இந்த மரத்துக்கு யாரையும் கேட்க வேண்டாம். எண் போட்ட மரத்தை முதலில் எடுங்கள். மார்கழி மூட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.